இரவல் வண்டி

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்று நம் பெரியோர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். நல்ல வார்த்தைதான். ஆனால் இரவல் கொடுத்த மோட்டார் வண்டியின் விஷயத்தில் என்ன செய்வது என்று அவர்கள் சொல்லவில்லை. அந்தக் குறையை நிவர்த்தி செய்யும் பொறுப்பு நம் தலையில் வந்து விழுந்திருக்கிறது. சொந்த வண்டியைப் பழுது பார்க்கக் கொடுத்துவிட்டு, விற்பனை ஸ்தாபனத்தார் தயவு பண்ணிக் கொடுத்த மாற்று வண்டியுடன் பதினெட்டு நாள் போராடியவர்கள் நாம். பாரத யுத்தமும் பதினெட்டு நாள்தான். ஆனால் அதில் அர்ஜுனனுக்குக் கிடைத்தது நல்ல ரதம்.

இந்தச் சோதனை நமக்கு எண்ணூரில் ஏற்பட்டது என்பதுதான் இதில் வேடிக்கை. மோட்டாருக்கும் எண்ணூருக்கும் உள்ள சம்பந்தம் இன்று நேற்று ஏற்பட்டதல்ல. 1948-ஆம் ஆண்டில் ரகுநந்தன் சரண் என்பவர் அசோக் மோட்டார்ஸ் கம்பெனியை ஆரம்பித்தார். அடுத்த வருஷமே எண்ணூரில் ஆஸ்டின் ஏ-40 கார்களைப் பூட்டி வெளியே அனுப்பத் தொடங்கினார்கள். பிறகு அது லாரிக்கும் பஸ்ஸுக்கும் மாறி, 1955-ல் அசோக் லேலண்ட் என்று பெயர் பெற்றது. பக்கத்துத் திருவொற்றியூரிலோ என்பீல்டு மோட்டார் சைக்கிள்கள் படபடவென்று பிறந்தன. 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் திறந்தது. இப்போது அதற்குக் காமராஜர் துறைமுகம் என்று பெயர். 2010 முதல் அங்கிருந்து புதுக் கார்கள் கப்பலேறிக் கடல் கடந்து போகின்றன. கார்கள் தாமாகவே உருண்டு கப்பலின் வயிற்றுக்குள் போய் உட்காருவதைப் பார்த்தால் யானைகள் கொட்டாரத்துக்குள் போவது போல் இருக்கும். ஆக, உலகத்துக்கெல்லாம் வண்டி அனுப்பும் ஊரில் நமக்கு ஒரு நல்ல வண்டி பதினெட்டு நாளைக்குக் கிடைக்கவில்லை!

2023-ஆம் வருஷம் டிசம்பர் மாத ஆரம்பத்தில் 'மிச்சாங்' புயல் வந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எண்ணூருக்கு அந்த வெள்ளம் வெறும் தண்ணீராக வரவில்லை. கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் எண்ணெய் மிதந்தது. மீனவர்களின் படகுகளும் வலைகளும் கறுத்துப் போயின. அவர்கள் இழந்ததற்கு முன்னால் நம்முடைய நஷ்டம் ஒரு பொருட்டே அல்ல. இருந்தாலும், வாசலில் நின்ற நமது வண்டியின் ஆசனம் வரையில் அந்தத் தண்ணீர் ஏறி இறங்கியது உண்மை.

அடுத்த வீட்டுப் பிள்ளை ஒருவன், "சாவியைப் போட்டு ஒரு தடவை திருப்பிப் பார்க்கலாமே, ஸார்!" என்றான். நல்ல வேளையாக நாம் திருப்பவில்லை. இஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்திருக்கும்போது அதை முடுக்கினால், காற்றைப் போல் தண்ணீர் அமுங்கிக் கொடுக்காது. உள்ளே இருக்கும் இரும்புத் தண்டுதான் வளையும். வெள்ளத்தினால் வந்த சேதத்துக்குப் பணம் கொடுக்கும் இன்ஷுரன்ஸ் கம்பெனி, இப்படி நாமே வருவித்துக்கொண்ட சேதத்துக்குச் சாதாரணப் பத்திரத்தில் கொடுப்பதில்லை. இஞ்சினுக்கென்று தனியாகப் பணம் கட்டியிருந்தால்தான் உண்டு. ஆகையால் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போய்ப் பட்டறையில் சேர்த்தோம்.

வண்டி இல்லாவிட்டால் என்ன, ரயிலில் போகக் கூடாதா என்று சிலர் கேட்கலாம். நமக்காக இருந்தால் போயிருப்போம். நமது தாயாருக்கு வயது எழுபத்தாறு. வாரத்தில் இரண்டு நாள் ராயபுரம் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிஸிஸ் செய்துகொள்ள வேண்டும். நாலு மணி நேரம் இயந்திரத்தோடு இணைந்து கிடந்துவிட்டு எழுந்திருப்பவரை ஸ்டேஷன் படிகளில் ஏற்றி இறக்க முடியாது. இரவில் எண்ணூர் என்றால் வாடகைக் கார்க்காரர்கள் லாரி வரிசையை நினைத்துப் பின்வாங்குகிறார்கள். ஆகவே வண்டி நமக்கு ஆடம்பரமல்ல. அது மருந்தில் ஒரு பாகம்.

வண்டியை விற்கும்போது அந்த ஸ்தாபனத்தார், "பழுது பார்க்க விட்டால் மாற்று வண்டி கொடுத்துவிடுவோம்" என்று வாய் நிறையச் சொல்லியிருந்தார்கள். அதை ஞாபகப்படுத்தினோம். இங்கிலீஷ்காரர்கள் இதற்குக் 'கர்ட்டஸி கார்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதாவது மரியாதை வண்டி. மூன்று நாள் கழித்து நமக்குரிய மரியாதை வந்து சேர்ந்தது.

வண்டியின் இரண்டு பக்கமும், 'என்னை ஓட்டிப் பாருங்கள்!' என்று பெரிய எழுத்தில் விளம்பரம் ஒட்டியிருந்தது. ஊரில் பாதிப் பேர் ஓட்டிப் பார்த்துவிட்டார்கள் என்பது உட்கார்ந்ததும் தெரிந்தது. பெட்ரோல் முள் படுத்த படுக்கையாக இருந்தது. இடது பக்கத்துக் கண்ணாடி இறங்கும், ஏறாது. குளிர்சாதனம் சத்தம் போட்டது, குளிரைக் கொடுக்கவில்லை. பின் ஆசனத்து வார்ப்பட்டை பூட்டிக்கொள்ளவில்லை. கிளச்சைப் பற்றி மட்டும் அப்போது நமக்கு ஒன்றும் தெரியாது.

அது தெரிந்த இடம் எண்ணூர் விரைவுச் சாலை. இரு புறமும் கண்டெய்னர் லாரிகள் கோட்டைச் சுவர் போல் நிற்க, நடுவில் நமது மரியாதை வண்டி ஓர் உறுமல் உறுமிவிட்டு நின்றது. கியர் விழவில்லை. ஏறாத கண்ணாடி வழியாகப் புழுதி உள்ளே வந்தது. பின்னால் தாயார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த நேரம் கடந்துகொண்டிருந்தது. அந்த இயந்திரத்துக்கு அவருக்குப் பின்னால் இன்னொரு நோயாளி காத்திருப்பார். நேரம் தவறினால் அன்றைய முறை என்ன ஆகுமோ என்று நமக்குக் கை நடுங்கியது.

ஒரு லாரி டிரைவர் இறங்கி வந்தார். தம்முடைய கிளீனரையும் கூப்பிட்டு, வண்டியை ஓரமாகத் தள்ளினார். குனிந்து ஏதோ செய்து, கிளச் பெடலைப் பத்துப் பன்னிரண்டு தடவை மிதித்தார். கியர் விழுந்தது.

"வண்டி உங்களுடையதா, ஸார்?" என்று கேட்டார்.

"இல்லை, இரவல்."

"அதுதானே பார்த்தேன்! சொந்த வண்டியை யாரும் இப்படி வைத்துக்கொள்ள மாட்டார்கள். பெரியம்மாவைப் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு போங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். முக்கால் மணி தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். ஆஸ்பத்திரிப் பெண்மணி மனம் இரங்கி இடம் கொடுத்தாள்.

அன்றிரவு தாயார் சொன்னது இது: "நம் வண்டியாக இருந்தால் நாலு வார்த்தை திட்டலாம். இரவல் வண்டியை யாரையடா திட்டுவது?"

அதைத்தான் நாமும் யோசித்தோம். முதலில், இது தானம் கொடுத்த மாடா என்பதே கேள்வி. மாற்று வண்டி கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் எதுவும் விற்பனைக்காரரைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் கொடுப்பதாகச் சொல்லி வண்டியை விற்றால், அது நாம் கொடுத்த விலையில் அடங்கியதுதான். விலை கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம். வாயால் சொன்ன வாக்கு வெள்ளத்தோடு போய்விடும். எழுத்தில் வாங்கிக்கொண்டால் நுகர்வோர் மன்றத்திலும் அதைக் காட்டலாம். சில இன்ஷுரன்ஸ் கம்பெனிகள் சிறிது பணம் கூடுதலாகக் கட்டினால், வண்டி பட்டறையில் கிடக்கும் நாட்களுக்குத் தினப்படி கொடுக்கின்றன. அதையும் விசாரித்து வைத்துக்கொள்வது நலம்.

இரண்டாவது, வண்டியை வாங்கும்போதே அதைச் சுற்றி வர வேண்டும். பதிவுச் சான்று, இன்ஷுரன்ஸ், புகைச் சான்று மூன்றும் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இன்ஷுரன்ஸ் இல்லாத வண்டியைப் பொது வீதியில் ஓட்டலாகாது என்பது 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம். 'இரவல் வண்டி' என்று சொன்னால் போலீஸ்காரர் விட்டுவிட மாட்டார். இருக்கும் கீறல்களைப் படம் பிடித்து, பெட்ரோல் அளவையும், எடுத்த தேதி, மணியையும் குறித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் முன்னால் ஓட்டியவரின் கீறலும் அபராதமும் நம் கணக்கில் ஏறும்.

மூன்றாவது விஷயந்தான் முக்கியமானது. நமக்கு முன்னால் அந்த வண்டியை எத்தனையோ பேர் ஓட்டியிருக்கிறார்கள். கண்ணாடி ஏறவில்லை என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். ஆனால் திருப்பிக் கொடுக்கப் போகும்போது எதிரே கழுவித் துடைத்த சொந்த வண்டி நிற்கிறது! அதைக் கண்ட சந்தோஷத்தில் இரவல் வண்டியின் வியாதியை யார் நினைக்கிறார்கள்? சாவியை மேஜைமேல் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுகிறோம். விற்பனைக்காரர் அசட்டை பாதி. நம்முடைய மௌனம் மறு பாதி. இரண்டும் சேர்ந்து யாரோ ஒரு வயதான அம்மாளை நடுச்சாலையில் நிறுத்துகின்றன.

பதினெட்டாம் நாள் நாம் ஒரு முழுக் காகிதத்தில் குறைகளை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். மேஜைக்குப் பின்னால் இருந்த இளைஞர் அதை இரண்டு தடவை படித்தார். "இதுவரை யாருமே ஒன்றும் சொல்லவில்லையே, ஸார்!" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்றே தோன்றியது.

அடுத்த மாதம் நமது தெருவிலேயே ஒருவருக்கு அதே வண்டி இரவலாக வந்தது. ஆவலோடு போய் விசாரித்தோம். கிளச் பிரமாதமாக இருக்கிறதாம். பின் ஆசனத்து வார்ப்பட்டையும் பூட்டிக்கொள்கிறதாம்.

கண்ணாடி மட்டும் இன்னும் ஏறவில்லையாம். அவரிடம் ஒரு காகிதம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம்.