கண்ணாடித் திண்ணை

"எங்கள் அப்பாவுக்கு ஒரு திண்ணை கட்ட வேண்டும். ஆனால் அது கண்ணாடியில் இருக்க வேண்டும்." இப்படி ஆரம்பிக்கிறது இந்த வாரம் தபாலில் வந்த ஒரு கடிதம். எழுதியவர் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் வசிக்கும் ஒரு சகோதரி.

கடிதத்தின் சாராம்சம் இதுதான். தாயார் காலமான பிறகு, தகப்பனாரைத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து தம்மோடு அழைத்துக்கொண்டு போய்விட்டார். பெரியவருக்கு வயது 78. ஊரில் இருந்த வரையில் விடியற்காலையில் திண்ணையில் வந்து உட்கார்ந்தால், பத்து மணி வெயில் முழங்காலைத் தொட்ட பிறகுதான் எழுந்து உள்ளே போவாராம். இப்போது அவருடைய உலகமெல்லாம் ஒரு ஜன்னலும் ஒரு ரேடியேட்டரும்தான். நவம்பரில் வீட்டுக்குள் போனவர் ஏப்ரலில்தான் வெளியே தலை காட்டுகிறார். வீட்டின் பின்புறம், தோட்டத்தைப் பார்த்தாற்போல ஒரு கண்ணாடி அறை கட்டிவிட்டால் அப்பா வருஷம் முழுவதும் வெளிச்சத்தில் உட்காரலாமே என்பது மகளின் ஆசை. அந்த ஊரில் அதற்குக் கன்சர்வேட்டரி என்று பெயர்.

மூன்று கம்பெனிக்காரர்கள் வந்து அளந்து பார்த்து, மூன்று படம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மூன்றும் அழகாக இருக்கின்றனவாம். "ஒரு தடவைதான் எங்களால் செலவு செய்ய முடியும். எதைக் கட்டுவது? அப்பாவோ, 'எனக்கு எதுக்கும்மா இந்தச் செலவெல்லாம்?' என்கிறார்" என்று முடித்திருக்கிறார்.

வெயிலுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு இதைப் படிக்கும் வாசகர்கள், "நமக்கும் கண்ணாடி அறைக்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பிள்ளையையும் பெண்ணையும் குளிர் தேசத்துக்கு அனுப்பியிருக்கும் குடும்பங்கள் இன்று எத்தனையோ! நாளைக்கு அந்த ஜன்னலோரத்தில் நீங்களே உட்காரும்படி நேரலாம்.

முதலில் இரண்டு கதைகள். இரண்டும் நடந்தவை.

லண்டனில் கியூ தோட்டம் என்று உலகப் பிரசித்தி பெற்ற தாவரத் தோட்டம் இருக்கிறது. அங்கே 1761-ல் சர் வில்லியம் சேம்பர்ஸ் என்ற கட்டடக் கலைஞர், ஆரஞ்சு மரங்களைக் குளிரிலிருந்து காப்பாற்றுவதற்காக ஒரு மண்டபம் கட்டினார். கெட்டியான சுவர், கெட்டியான கூரை, முன்பக்கம் உயரமான ஜன்னல்கள். பார்க்க ஒரு அரண்மனைதான். ஆனால் உள்ளே போதிய வெளிச்சம் இல்லை. ஆரஞ்சு மரங்கள் அங்கே செழிக்கவில்லை. மண்டபம் மட்டும் இன்றும் கம்பீரமாக நிற்கிறது.

இன்னொரு கதை, டார்பிஷயரில் சாட்ஸ்வொர்த் என்ற பிரபு மாளிகையில் நடந்தது. அங்கே தோட்டக்காரராக இருந்த ஜோசப் பாக்ஸ்டன், 1836-ல் ஆரம்பித்து 1840-ல் ஒரு பெரிய கண்ணாடி மாளிகையைக் கட்டி முடித்தார். அகலம் 123 அடி, உயரம் 67 அடி. சுவரும் கண்ணாடி, கூரையும் கண்ணாடி. விக்டோரியா மகாராணி 1843-ல் அதற்குள்ளே கோச் வண்டியில் பவனி வந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! பிற்பாடு 1851-ல் லண்டன் கண்காட்சிக்குக் 'கிரிஸ்டல் பாலஸ்' என்ற பளிங்கு மாளிகையைத் திட்டமிட்டவரும் இதே பாக்ஸ்டன்தான். ஆனால் சாட்ஸ்வொர்த் கண்ணாடி மாளிகையைச் சூடாக வைத்திருக்கப் பூமிக்கடியில் எட்டு கொதிகலன்கள் வேண்டியிருந்தன. வெந்நீர்க் குழாய் மட்டும் ஏழு மைல் நீளம். முதல் உலக யுத்தம் வந்தது. நிலக்கரிக்குப் பஞ்சம் வந்தது. நெருப்பு அணைந்ததும் உள்ளே இருந்த உஷ்ண தேசத்துச் செடிகள் மடிந்தன. 1920-ல் அந்த மாளிகையை இடித்தே விட்டார்கள்.

ஒன்றில் வெளிச்சம் போதவில்லை. மற்றொன்றில் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. ஆனால் அடுப்பு அணைந்தால் உயிர் இல்லை. வருஷம் முழுவதும் உட்காருவதற்கு அறை கட்டுகிறவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டுபிடித்தாக வேண்டும்.

அந்த வழி வேறு எங்கும் இல்லை. பெரியவரின் பழைய திண்ணையிலேயே இருக்கிறது!

திண்ணைக்கு மேலே என்ன இருந்தது? ஓட்டுக் கூரை. முன்னால்? ஒன்றும் இல்லை, வெட்டவெளி. உச்சி வெயில் தலையில் விழாது. காலை வெயில் சாய்வாக வந்து காலைத் தொடும். கண்ணாடி அறைக்கும் இதுதான் சூத்திரம். வெட்டவெளி இருந்த இடத்தில் கண்ணாடியை வையுங்கள். கூரையைக் கூரையாகவே இருக்க விடுங்கள்.

காரணம் சொல்கிறேன். லீட்ஸ் பக்கத்தில் ஜூன் மாதக் கடைசியில் நடுப்பகல் சூரியன் ஏறக்குறைய 60 டிகிரி உயரத்தில் நிற்கிறான். பகல் பொழுது 17 மணி நேரம்! அந்த வெயில் கண்ணாடிக் கூரை வழியாக நேரே உள்ளே இறங்கினால் அறை அடுப்பாகிவிடும். டிசம்பர் கடைசியிலோ நடுப்பகலில்கூடச் சூரியன் 13 டிகிரிக்கு மேல் ஏறுவதில்லை. பகலும் ஏழரை மணி நேரம்தான். அந்த ஏழைச் சூரியனின் கிரணங்கள் கிட்டத்தட்டப் படுத்துக்கொண்டு வருகின்றன. அவை நுழைவது சுவர்க் கண்ணாடி வழியாகத்தான். ஆக, கோடையில் தொந்தரவு கொடுப்பது கூரைக் கண்ணாடி. குளிர்காலத்தில் உபகாரம் செய்வது சுவர்க் கண்ணாடி. கம்பெனிக்காரர்களின் படங்களில் அழகாகத் தெரிவது எது? கூரைதான்!

குளிர்கால இரவுக்கு ஒரு சின்னக் கணக்கும் போட்டுப் பார்ப்போம். ஒற்றைக் கண்ணாடியில் ஒரு சதுர மீட்டர் வழியாக, உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், சுமார் 5.7 வாட் சூடு வெளியே ஓடுகிறது. நான்கு மீட்டருக்கு மூன்று மீட்டர் அறைக்குச் சுவரும் கூரையுமாக 30 சதுர மீட்டர் கண்ணாடி என்று வைத்துக்கொள்வோம். வெளியே சைபர் டிகிரி, உள்ளே 20 டிகிரி. அப்படியானால் ஓயாமல் 3,420 வாட் நஷ்டம். ஒரு கிலோவாட் ஹீட்டர் மூன்று எரிந்தாலும் காணாது. சூட்டை உள்ளேயே திருப்பி அனுப்பும் மெல்லிய பூச்சு பூசி, இடையில் ஆர்கான் வாயு நிரப்பிய நல்ல இரட்டைக் கண்ணாடியானால் ஏறக்குறைய 1.2 வாட்தான், மொத்தம் 720 வாட். 13 சதுர மீட்டர் கூரையையும் தடிமனான வெப்பத்தடுப்புப் பலகை வைத்து மூடிவிட்டால் 450-க்கு வந்துவிடுகிறது. தரை வழியாகவும் காற்று வழியாகவும் போகும் சூடு தனி. இருந்தாலும் 3,420 எங்கே, 450 எங்கே! கண்ணாடி அறை கட்டிவிட்டு, பிறகு சாமான் போடும் அறையாக மாற்றிவிட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். அநேகமாக இந்தக் கணக்கைப் போடாதவர்களாக இருப்பார்கள்.

கூரையை மூடினால் அதற்குப் பின்னால் இருக்கும் வீட்டு அறை கொஞ்சம் இருட்டும். கியூ தோட்டத்து ஆரஞ்சு மரங்களை மறந்துவிடக் கூடாது! ஆகவே கூரையில் ஒன்றிரண்டு திறக்கும் ஜன்னல்கள் வைக்கச் சொல்லுங்கள். வெளிச்சத்துக்கும் ஆயிற்று, காற்றுக்கும் ஆயிற்று.

காற்று என்றதும் ஒரு வேடிக்கையான பரிசோதனை நினைவுக்கு வருகிறது. கண்ணாடிக் கூண்டு ஏன் சூடாகிறது? வெளிச்சம் உள்ளே வந்து சூடாக மாறுகிறது. அந்தச் சூட்டுக் கதிர்களைக் கண்ணாடி வெளியே விடுவதில்லை. அதுதான் காரணம் என்று வெகு காலம் சொல்லி வந்தார்கள். ராபர்ட் வுட் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1909-ல் இரண்டு பெட்டிகள் செய்தார். ஒன்றைக் கண்ணாடியால் மூடினார். மற்றதை, சூட்டுக் கதிர்களைத் தாராளமாக வெளியே விடும் இந்துப்புப் பாளத்தால் மூடினார். வெயிலில் வைத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு சூடாயின! ஆக, முக்கியமான கைதி காற்றுதான். சூடான காற்று மேலே ஏறி வெளியே போக வழியில்லாமல் அடைபட்டுக் கிடக்கிறது. கீழே ஒரு ஜன்னலும் மேலே ஒரு ஜன்னலும் திறந்திருந்தால், அது தானாகவே வெளியேறிவிடும். செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடங்களுக்குத் தரைப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு கூரைத் திறப்பு இருக்க வேண்டும் என்று தோட்டக்கலைக்காரர்கள் சொல்வார்கள். அவ்வளவு முடியாவிட்டாலும், "எத்தனை ஜன்னல் திறக்கும்? மேலே எது திறக்கும்?" என்று கம்பெனிக்காரரைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடுத்தது தரை. நம் ஊர்த் திண்ணைக்குச் சிவப்புச் சிமெண்டு போட்டிருப்பார்கள். வெயில் போன பிறகும் ஒரு நாழிகை கதகதப்பாக இருக்கும். அங்கேயும் கல்லோ ஓடோ பாவிய தரைதான் சிறந்தது. பகலில் வெயிலைக் குடித்துச் சாயங்காலம் திருப்பிக் கொடுக்கும். ஆனால் அதற்கடியில் வெப்பத்தடுப்புப் பலகை அவசியம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பூமி அந்தச் சூட்டைக் குடித்துவிடும். பெரியவரின் பாதம் ஜில்லிட்டுப் போகும்.

அஸ்திவாரத்தில் சிக்கனம் வேண்டாம். களிமண் பூமி கோடையில் சுருங்கும், மழையில் உப்பும். வீட்டின் அஸ்திவாரம் ஓரிடத்தில் நிற்க, அறையின் அஸ்திவாரம் வேறு பக்கம் நகர்ந்தால் இணைப்பில் விரிசல் விழும், மழை உள்ளே வரும். களிமண்ணில் ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழமாவது போக வேண்டும். பக்கத்தில் மரம் இருந்தால் அதற்கும் மேலே. அடியில் பொதுச் சாக்கடைக் குழாய் போகிறதா என்றும் விசாரித்துவிடுங்கள். போனால், தண்ணீர்க் கம்பெனியின் சம்மதம் தேவை.

சட்டத்தையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். இங்கிலாந்தில் 30 சதுர மீட்டருக்குக் குறைந்த கண்ணாடி அறைக்கு, வீட்டுக்கும் அறைக்கும் நடுவே வெளிக்கதவு போன்ற கெட்டிக் கதவு இருந்து, அறையின் சூடேற்றும் சாதனத்தைத் தனியாக நிறுத்தவும் முடிந்தால், பெரும்பாலும் கட்டட விதிகளிலிருந்து விலக்கு உண்டு. அப்போதும் கண்ணாடியும் மின்சார வேலையும் விதிப்படி இருக்க வேண்டும். கெட்டிக் கூரை போட்டால், பொதுவாக அனுமதி பெற்றே கட்ட வேண்டியிருக்கும். இதைத் தொந்தரவாக நினைக்க வேண்டாம். அதிகாரி வந்து அஸ்திவாரத்தைப் பார்ப்பது நமக்குத்தான் நல்லது. பக்கத்து வீட்டோடு ஒட்டிய வீடானால், பின்சுவரிலிருந்து 3 மீட்டர் வரையில், தனி வீடானால் 4 மீட்டர் வரையில், வேறு சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, தனியாகத் திட்ட அனுமதி இல்லாமல் கட்டலாம். எதற்கும் உள்ளூர் கவுன்சிலில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது உத்தமம். விலக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், நடுவிலிருக்கும் கதவை மட்டும் எடுத்துவிடாதீர்கள். ஜனவரி இரவில் வீட்டைக் காப்பாற்றுவது அதுதான்.

இவ்வளவுக்கும் முன்னால், செலவில்லாத ஒரு காரியம் இருக்கிறது. சகோதரி! உங்கள் தோட்டம் தென்கிழக்கு பார்த்தது என்று எழுதியிருக்கிறீர்கள். காலையில் உட்காருகிற மனிதருக்கு அதைவிட நல்ல திசை இல்லை. (வடக்குப் பார்த்த தோட்டமாக இருந்திருந்தால், கட்டவே வேண்டாம், தெற்கு ஜன்னலைப் பெரிதாக்குங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.) இருந்தாலும் அறை வரப்போகிற இடத்தில் ஒரு நாற்காலியைப் போடுங்கள். டிசம்பரில் வெயில் அடிக்கிற ஒரு நாளில் ஒன்பது மணிக்கு, பன்னிரண்டு மணிக்கு, மூன்று மணிக்கு வெயில் அதில் விழுகிறதா என்று பார்த்து ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக் கூரையோ மரமோ மறைத்தால், வெயில் விழும் இடத்துக்கு அறையை நகர்த்துங்கள். படம் போட்டவர் கோடையில் வந்திருப்பார். அப்பா குளிர்காலத்தில் அல்லவா உட்காரப் போகிறார்!

மூன்று படங்களில் எது என்று கேட்டீர்கள். சுவரில் அதிகக் கண்ணாடியும், கூரையில் குறைந்த கண்ணாடியும், மேலும் கீழும் திறக்கிற ஜன்னலும் எதில் இருக்கிறதோ அது. மூன்றிலும் இல்லாவிட்டால் நான்காவது படம் கேளுங்கள். ஒரு மூலையில் மல்லிகைத் தொட்டியும் கறிவேப்பிலைத் தொட்டியும் வையுங்கள். உறைபனி பட்டால் கறிவேப்பிலை பிழைக்காது. அறை 10 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் அதுவும் பிழைக்கும், அப்பாவுக்கும் ஒரு வேலை கிடைக்கும். தொட்டிகளை அதிகமாக்கிவிட வேண்டாம். ஈரம் கூடிக் கண்ணாடியில் முத்து முத்தாக வேர்க்கும்.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. உங்கள் அப்பா ஊரில் திண்ணையில் உட்கார்ந்தது வெயிலுக்காக மட்டும் இல்லை. போகிறவர் வருகிறவர் எல்லாரும் "என்ன சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போவார்களே, அதற்காகவும்தான். கண்ணாடி எவ்வளவு உயர்ந்ததானாலும் இதைக் கொடுக்காது. ஆகையால் பக்கவாட்டுச் சந்தும் தோட்டக் கதவும் அவர் கண்ணில் படுகிற மாதிரி நாற்காலியைப் போடுங்கள். வேலியை வெட்டிக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தால் இவர் கையை ஆட்ட முடிய வேண்டும். அறைக்கு எத்தனை நாற்காலி வாங்கினாலும் சரி, ஒன்று மட்டும் வாங்காதீர்கள். எதிரே இன்னொன்று காலியாக இருக்கட்டும். யாராவது வந்து உட்காருவார்கள்.

"எனக்கு எதுக்கும்மா?" என்று அப்பா மறுபடியும் கேட்டால், "உங்களுக்கு இல்லை அப்பா, கறிவேப்பிலைக்கு" என்று சொல்லிவிடுங்கள். சிரித்துக்கொண்டே சம்மதித்துவிடுவார்.