நம்ம கொழுக்கட்டைப் புல் அங்கே நெருப்பாச்சு

கொரங்காட்டில் கொழுக்கட்டைப் புல்லைப் பார்த்து வளர்ந்தவன் நான். மாடு கடிச்சாலும் மிதிச்சாலும் தூர் சாகாது. நாலு மாசம் காஞ்சு கிடந்து, ஒரு மழைக்குத் திரும்பத் தழைக்கும். காங்கேயம் மாட்டுக்கு அதுக்கு மேல ஒரு தீனி இல்லைன்னு எங்க அப்பா சொல்வார். அந்தப் புல்லைப் பிடுங்குவதற்காக, ஒரு சனிக்கிழமை விடியலில், அமெரிக்காவில் ஒரு மலைச்சரிவில் கடப்பாரையோடு பத்துப் பதினைந்து பேர் கூலியில்லாமல் நிற்பதைப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை.

இடம் அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரம். மகள் அங்கே இருக்கிறாள். ஜூன் முதல் வாரம் போய் இறங்கினேன். சொனோரா பாலைவனம் என்றதும் மணல்மேடு என்று நினைச்சுட்டுப் போனேன். அப்படி இல்லீங்க. வேல மரம் மாதிரி பாலோ வெர்டே, நம்ம சீமைக்கருவேலுக்குச் சொந்தக்காரனான மெஸ்கீட், நடுவில் தூண் தூணாக சவாரோ என்ற கள்ளி. அந்தக் கள்ளி முதல் கிளை விடவே 50 முதல் 75 வருசம் ஆகும். ஆனால் ஒவ்வொரு செடிக்கும் நடுவில் வெறும் மண் கிடக்கும். அந்த இடைவெளிதான் விசயம். ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்ததுக்குத் தாவ வழியில்லை. அதனால் அந்தச் செடிகள் எதற்கும் தீயைத் தாங்கும் பழக்கமே கிடையாது.

ஜூன் மாசம் அங்கே நம்ம அக்கினி நட்சத்திரத்தை விட மோசம். 42, 43 டிகிரி சாதாரணம். பக்கத்து ஃபீனிக்ஸ் நகரத்தில் 2023-ல் தொடர்ந்து 31 நாள் 43 டிகிரிக்கு மேல் அடித்தது. துணி காயப்போட்டுத் திரும்புவதற்குள் காய்ந்துவிடுகிறது. வருச மழையே 270 மில்லிமீட்டர்தான். அதில் பாதி ஜூலை முதல் செப்டம்பர் வரை இடியோடு வரும். அதை அவர்களும் 'மான்சூன்' என்றே சொல்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், அங்கே மழைக்கு முன்னால் மின்னல் வந்துவிடும். மேகம் கறுக்கும், மழை பாதி வானத்திலேயே காய்ந்து போகும், மின்னல் மட்டும் தரையில் இறங்கும். 2020 ஜூன் 5-ம் தேதி அப்படி விழுந்த மின்னலில் டூசானுக்கு வடக்கே உள்ள கேட்டலினா மலை பற்றி, சுமார் 1,20,000 ஏக்கர் எரிந்தது. அணைக்க வேண்டிய மழையும் அந்த வருசம் ஏமாற்றியது: பருவம் முழுக்க 41 மில்லிமீட்டர். அடுத்த வருசம் அதே ஊரில் 325. மழை கொட்டினால் நல்லதுதானே என்று கேட்டேன். நல்ல மழைன்னா நிறையப் புல், நிறையப் புல்லுன்னா அடுத்த கோடைக்கு நிறைய விறகு என்றார்கள்.

அந்த விறகுதான் கொழுக்கட்டைப் புல். செங்க்ரஸ் சிலியாரிஸ், அதே இனம். ஆப்பிரிக்காவிலிருந்து போன விதை. 1930, 40-களில் மண் அரிப்பைத் தடுக்கவும் மாட்டுத் தீவனத்துக்கும் அரசாங்கமே கொண்டுவந்து விதைத்தது. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. அது பாறைச்சரிவில் ஏறி, நான் சொன்ன அந்த இடைவெளியை அடைத்துவிட்டது. இப்போது தீ ஒரு கள்ளியிலிருந்து அடுத்ததுக்குப் புல் வழியாக நடந்து போகும். 100 வருசக் கள்ளி செத்துவிடும். புல் தூரிலிருந்து மறுபடி முளைக்கும். 2005-ல் அதைத் தீய களை என்று அறிவித்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவில் இன்னமும் மேய்ச்சலுக்கு விதைக்கிறார்களாம்.

கையால் பிடுங்க முடியாத இடத்தில் களைக்கொல்லி அடிக்கிறார்கள். அதுவும் மழை பெய்து புல் பச்சையாக இருக்கும் சில வாரங்களில் மட்டுமே வேலை செய்யும். நம்ம பத்திரிகையில் இதை எழுதச் சங்கடமாத்தான் இருக்கு. அடிக்காதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தச் செங்குத்துச் சரிவைப் பார்த்தால் உங்களுக்கும் வராது. 80 வருசம் முன்னால் செய்த ஒரு விதைப்புக்கு இன்று விசம் அடிக்க வேண்டிவந்ததைத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மண்ணின் பழங்குடிகள் டோஹோனோ ஊதாம் மக்கள். ஜூன் கடைசியில் சவாரோ பழத்தைத் துரட்டியால் பறித்து, காய்ச்சிப் புளிக்க வைத்துக் குடித்து மழையை அழைப்பது அவர்கள் சடங்கு. அவர்களுக்கு வருசப் பிறப்பே அதோடுதான். முதல் வெள்ளம் ஓடையில் வரும்போது முள்ளை அடுக்கி மறித்து, தண்ணீரைப் பரப்பி, டெப்பரி என்ற சின்ன அவரையை விதைப்பார்கள். ஒன்றிரண்டு தண்ணியில் சுமார் இரண்டு மாதத்தில் வந்துவிடும்; தண்ணி அதிகமானால் இலைதான் விடும், காய்க்காது. நம்ம மானாவாரிக் கொள்ளு ஞாபகம் வந்தது. மெஸ்கீட் நெற்றை அரைத்து மாவாக்கித் தின்கிறார்கள். அதன் உறவுக்காரன் நம்மிடம் வந்து என்ன செய்தான் என்று ராமநாதபுரத்துக்காரரைக் கேளுங்கள்.

இப்போது நம்ம ஊருக்கு வருகிறேன். வாரம் ஒரு தடவையாவது வாட்ஸ்அப்பில் ஒரு புது விதை வருது. 'வறட்சியைத் தாங்கும், மாடு விரும்பித் தின்னும், ஒரு தடவை போட்டால் போதும்.' அரிசோனாவில் இந்தப் புல்லைப் பற்றியும் இதைத்தானே சொல்லியிருப்பார்கள்? வங்கியில் பெரிய கடன் என்றால் நாங்கள் ஜாமீன் கேட்போம். திரும்ப எடுக்க முடியாத விதைக்கு யார் ஜாமீன்? நம் புல் நம்மிடம் அடங்கி இருப்பது அதன் குணத்தால் மட்டும் இல்லை. கிளுவை வேலி போட்டுப் பிரித்து, முறை வைத்து மேய்க்கிறோம். மாடு போனால் இங்கேயும் கோடையில் அது காய்ந்த சருகுதான். வாங்கும் முன் விற்பவரிடம் இரண்டே கேள்வி கேளுங்க: பங்குனி, சித்திரையில் இது எப்படி இருக்கும்? வேண்டாமென்றால் எப்படி அழிப்பது? பதில் இல்லைன்னா திரும்பி வந்துருங்க.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை குறைவு. வேலையில் இருந்தபோது, வெள்வேல மரமும் புல்லுமாக இருந்த கொரங்காட்டை 'பயன்படாத தரிசு' என்று என் கையால் அறிக்கை எழுதி, போர்வெல்லுக்குக் கடன் பரிந்துரைத்தவன் நான். ஒன்று இரண்டு அல்ல. அதில் ஒரு போரில் இப்போது தண்ணி இல்லை, அந்தக் காட்டில் புல்லும் இல்லை. ஃபைலில் கடன் மட்டும் அடைந்துவிட்டது.

ஜூலை இரண்டாம் வாரம் மழை வந்தது. அடுத்த சனிக்கிழமை நானும் அந்தக் கூட்டத்தோடு போனேன். கடப்பாரை நமக்குப் புதுசா? பதினோரு தூர் பிடுங்கினேன். பழக்கதோசம், ஒவ்வொன்றையும் மண் உதறி, மாட்டுக்குப் போடுவது மாதிரி ஓரமாக அடுக்கி வைத்தேன். என்னை விட மூத்த ஒரு அம்மா பார்த்துச் சிரித்துவிட்டு, பெரிய பை ஒன்றை நீட்டினார். உள்ளே போட்டு வாயைக் கட்டணுமாம், விதை சிந்திடும்.