ஒளியும் கப்பலும் தெரியாத படகும்

ராடார்ல கப்பல் எப்படித் தெரியும்னு கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவதைப் பற்றி யார் எழுதினாலும் கதை ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். 1962-ல் சோவியத் யூனியனில் உஃபிம்ட்செவ் என்பவர் விளிம்புகளில் அலை எப்படிச் சிதறுகிறது என்று ஒரு புத்தகம் எழுதினார். 1975-ல் லாக்ஹீட்டில் ஓவர்ஹோல்சர் அதை வைத்து எக்கோ-1 புரோகிராம் எழுதினார். அப்புறம் எஃப்-117 விமானம், 80களில் ஸீ ஷேடோ கப்பல். நல்ல கதைதான், நானே நாலு பேரிடம் அளந்திருக்கேன் :-) ஆனா எனக்கு ஒரு புகார் இருக்கு. இந்தக் கணக்கை எல்லாரும் ஒளிஞ்சுக்கற வித்தையாவே பார்க்கறாங்க.

காலேஜ்ல மின்காந்தவியல் பேப்பரை எப்படி பாஸ் பண்ணேன்னு கேட்காதீங்க. இருந்தாலும் போன வாரம் ஆசைக்கு ஒரு குட்டி புரோகிராம் எழுதினேன். அலைநீளம் 3 செ.மீ., கப்பல்களில் சகஜமா இருக்கற ராடார். ஒரு மீட்டர் சதுரத் தகடு நேரெதிரே நின்றால் அதன் ராடார் பரப்பு சுமார் 14,000 சதுர மீட்டர்! பிழைன்னு நினைச்சு மூணு தடவை சரிபார்த்தேன், சரிதான். அதே தகட்டை ஒரு டிகிரிக்கும் கொஞ்சம் குறைவா திருப்பினா, கிட்டத்தட்ட சைபர்.

ஒரு முழுக் கப்பலுக்கு இதைத் துல்லியமா போடணும்னா, அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 3 மி.மீ. துண்டுகளா நறுக்கணும். ஒரு சதுர மீட்டருக்கே லட்சத்துக்கு மேல துண்டு. என் லேப்டாப் அழுதுடும். அதனால பெரும்பாலும் கதிர்களை விட்டு, கேரம் காய் மாதிரி எங்கெங்கே முட்டித் திரும்புதுன்னு பார்க்கறாங்க. இதில் வில்லன் மூலைகள்தான். மூணு தகடு செங்குத்தா சேர்ந்தா, அலை வந்த வழியே திரும்பிப் போகும். வரைபடத்தில் ஏணியையும் கைப்பிடிக் கம்பியையும் விட்டுட்டா, ரிசல்ட் அழகா இருக்கும், பொய்யாவும் இருக்கும்.

நிற்க. போர்க்கப்பலுக்கு வில்லனான அந்த மூலைதான் சின்னப் படகுக்கு ஹீரோ. ஃபைபர் படகு ராடாரில் சரியா தெரியாது, அதனால கம்பத்தில் உலோக ரிஃப்ளெக்டர் கட்டறாங்க. 30 செ.மீ. விளிம்புள்ள முக்கோண மூலைக்கு சுமார் 38 சதுர மீட்டர் வருது. விளிம்பைப் பாதியாக்கினா 2.4 தான், பாதி இல்லைங்க, பதினாறில் ஒரு பங்கு! கடையில வாங்கறவருக்கு இது தெரியுமா?

2006 ஆகஸ்டில், இங்கிலாந்தின் ஒயிட் தீவுக்குத் தெற்கே ஊஸோ என்ற பாய்மரப் படகில் போன மூணு பேர் இறந்தாங்க. இரவில் வந்த பெரிய பயணிகள் கப்பலில் இருந்தவங்க, படகு ரொம்பக் கிட்ட வந்த பிறகுதான் கவனிச்சாங்க. விசாரணையை ஒட்டி 2007-ல் கடையில் விற்கும் ரிஃப்ளெக்டர்களைச் சோதிச்சாங்க. படகு சாய்ந்தால் பலவற்றின் திறன் படுத்துடுது. மெல்லிய குழாய் வகை தேறவே இல்லை.

"ஆய்வகத்துல அளந்துக்கலாமே, மாடல் எதுக்கு?"ன்னு கேட்பீங்க. அளக்கலாம், அளக்கணும். ஆனா எந்த உயரத்துல, எவ்வளவு சாய்வுல, கடல்ல பட்டுத் திரும்பும் அலையோட சேர்த்து ஆயிரம் விதமா பார்க்க மாடல்தான் மலிவு. போர்க்கப்பலுக்கு ஒவ்வொரு டிகிரிக்கும் வரைபடம் போடறாங்க. ரிஃப்ளெக்டர் டப்பா மேல, 15 டிகிரி சாய்ந்தா என்ன ஆகும்னு ஒரே ஒரு கோடு வரைஞ்சு ஒட்டச் சொல்லி சட்டம் போடலாம். சனிக்கிழமை நான் அந்தக் கோட்டைத்தான் வரையப் போறேன். கேரம் காய் ஒழுங்கா திரும்பி வந்தா படத்தோட போடறேன்.