டவுன் பஸ்ஸில் ஒரு டூர்!

குட்டீஸ், உங்கள் பள்ளியில் சுற்றுலா அறிவிப்பு வந்துவிட்டதா? "திங்கட்கிழமைக்குள் பணம் கட்டிவிடுங்கள்" என்று டீச்சர் சொன்னதும் வகுப்பே 'ஹோ'வென்று கத்துமே! அந்தச் சத்தத்தில் சேராமல், தலையைக் குனிந்து நோட்டில் எதையோ கிறுக்கிக் கொண்டிருக்கும் ஒரு பையனையோ பெண்ணையோ கவனித்திருக்கிறீர்களா?

ஏழாம் வகுப்பில் அந்தப் பையன் நான்தான். "எனக்கு பஸ்ஸில் போனா வாந்தி வரும் டீச்சர்" என்று புளுகினேன். வீட்டில் பணம் இல்லை என்று சொல்ல அவ்வளவு வெட்கம். டூர் போய்வந்தவர்கள் ஒரு வாரம் அதையே பேசினார்கள். நான் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய் நின்று கொள்வேன்.

விஷயம் எப்படியோ மாமா காதுக்குப் போய்விட்டது. "ஞாயித்துக்கிழமை கிளம்பு மாப்ளே, நாம ஒரு டூர் போவோம்" என்றார். கையில் புளிச்சோற்றுப் பொட்டலம். ஏறியது டவுன் பஸ். இறங்கியது புதுக்கோட்டையை ஒட்டியிருக்கும் திருக்கோகர்ணம்! 'இதுவா டூர்?' என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

முதலில் கோயில். பாறையைக் குடைந்து செய்த கருவறையைப் பார்த்ததும் அழுகை கொஞ்சம் நின்றது. அங்குள்ள பிரகதாம்பாள்தான் புதுக்கோட்டைத் தொண்டைமான் மன்னர்களின் குலதெய்வம். அவர்கள் வெளியிட்ட 'அம்மன் காசு' என்ற குட்டிச் செப்புக் காசின் ஒரு பக்கம் இந்த அம்மன்; மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்ற சொல். அடுத்து, அதே ஊரிலுள்ள அரசு அருங்காட்சியகம். 1910-ல் தொடங்கியது. பழைய நாணயங்கள், வெண்கலச் சிலைகள், பாடம் செய்த விலங்குகள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மாமாதான் இழுத்துக்கொண்டு வந்தார்.

பிறகு அன்னவாசல் பக்கம் போகும் பஸ்ஸைப் பிடித்தோம். சித்தன்னவாசல்! குகைக் கோயிலின் கூரையைப் பார்த்தால் ஒரு தாமரைக் குளம். மீன், பறவை, யானை, எருமை எல்லாம் அதில் இருக்கின்றன. மூன்று பேர் தண்ணீரில் இறங்கிப் பூப்பறிக்கிறார்கள். வரைந்து 1,100 ஆண்டுகளுக்கு மேலாகிறது. குன்றின் மேலே ஏழடிப்பட்டம். சமணத் துறவிகளுக்காகப் பாறையில் செதுக்கிய 17 படுக்கைகள், தலையணை மேட்டோடு! அங்குள்ள தமிழ் பிராமிக் கல்வெட்டுக்கு வயது 2,000 ஆண்டுகளுக்கும் மேல்.

இப்போது என் கட்சியைச் சொல்கிறேன். தூரத்து டூர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடலையும் பனிமலையையும் யாருக்குத்தான் பார்க்கப் பிடிக்காது? ஆனால் வகுப்பின் முதல் டூர், ஒருவர்கூட விடுபடாத டூராக இருக்க வேண்டும். அது டவுன் பஸ்ஸில்தான் முடியும். இந்தியத் தொல்லியல் துறை பராமரிக்கும் சின்னங்களில் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. சித்தன்னவாசலும் அதில் ஒன்று. பஸ் காசும் கட்டுச்சோறும் போதும்.

'அறுபது பேர் எப்படி ஒரு டவுன் பஸ்ஸில் ஏறுவது?' என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பத்துப் பத்துப் பேராக, ஒவ்வொரு குழுவோடும் இரண்டு பெரியவர்களாக, வேறு வேறு வாரங்களில் போகலாமே? நீங்களாகத் தனியே மட்டும் கிளம்பிவிடாதீர்கள்! அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பது வழக்கம்; விசாரித்துவிட்டுப் போங்கள்.

பஸ்ஸில் நெரிசல், வியர்வை, காத்திருப்பு எல்லாம் உண்டு. 1915-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய காந்தியடிகள், நாட்டைத் தெரிந்துகொள்ள ரயிலில் மூன்றாம் வகுப்பில்தான் சுற்றினார். அந்தப் பெட்டிகளின் நெரிசலையும் அழுக்கையும் பற்றி 1917-ல் எழுதவும் செய்தார். உட்கார்ந்து பார்த்ததால்தானே எழுத முடிந்தது? எங்கள் பஸ்ஸிலும் கூடையோடு ஏறிய ஒரு ஆயாதான், எங்கே இறங்கி எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். வேனில் போயிருந்தால் அந்த ஆயாவும் இல்லை, அவர் கொடுத்த கொய்யாப்பழமும் இல்லை.

திங்கட்கிழமை நான் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போகவில்லை. கல் படுக்கையைப் பற்றிச் சொன்னேன். முதலில் ஒருவனும் நம்பவில்லை. கடைசி மணி அடித்ததும் இரண்டு பேர் மட்டும் பின்னாலேயே ஓடி வந்தார்கள்.

"டேய், அதுக்கு எந்த பஸ்ல ஏறணும்?"