பாடகர் பட்ட கடனா அது?

2016 ஏப்ரல் 22. யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் முதல் அரையிறுதிக்கு மூன்று வாரம்கூட இல்லை. ருமேனியா இந்த முறை பாடாது என்று போட்டியை நடத்தும் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் அறிவித்தது. பாட்டின் மீது ஒரு குறையும் சொல்லப்படவில்லை. ருமேனிய அரசுத் தொலைக்காட்சியான டிவிஆர், 2007 ஜனவரியிலிருந்து ஒன்றியத்துக்கு வைத்த பாக்கி 1.6 கோடி சுவிஸ் ஃபிராங்க். அதற்காகத்தான் இந்தத் தண்டனை.

தண்டனை விழுந்தது ஓவிடியு ஆன்டன் என்ற பாடகரின் தலையில். மார்ச் 6ஆம் தேதி பாயா மாரே நகரில் நடந்த, ருமேனியாவின் யூரோவிஷன் பாடகரைத் தேர்ந்தெடுக்கும் போட்டியில் ஜெயித்தவர். பாட்டை எழுதி மெட்டமைத்தவரும் அவரே. முந்தைய ஆண்டுகளிலும் இதே தேர்வில் பாடித் தோற்று, விடாமல் திரும்பி வந்தவர்.

மெல்லிசைக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிப்பது என் தொழில். ஜெயித்த பிறகான அந்த வாரங்கள் எப்படிப் போயிருக்கும் என்று என்னால் ஊகிக்க முடியும். யூரோவிஷனில் பாட்டு மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது. இசை டிராக்கில் ஓடும். அப்போதைய விதிப்படி கோரஸ் உட்பட எல்லாக் குரலும் நேரடியாகவே ஒலிக்க வேண்டியிருந்தது. ஆறு பேருக்கு மேல் மேடையேற முடியாது. எந்த வரிக்கு முன்னால் மூச்சை நிரப்பிக்கொள்வது, உச்சஸ்தாயியில் கோரஸ் எங்கே கைகொடுப்பது, எப்போது கேமராவைப் பார்ப்பது என்று ஒவ்வொரு நொடிக்கும் ரிகர்சல் உண்டு. அத்தனையும் போயிற்று. போட்டியின் இசைத்தொகுப்பில் மட்டும் பாட்டு தங்கியது.

பாக்கியைக் கேட்க ஒன்றியத்துக்கு முழு உரிமை உண்டு. உறுப்பினர்களின் சந்தாவில் நடக்கும் அமைப்பு அது. ஒருவர் கட்டாவிட்டால் சுமை மற்றவர்கள் மேல் ஏறும். ருமேனிய அரசை எச்சரித்தார்கள், ஏப்ரல் 20 வரை கெடுவும் வைத்தார்கள். ஆனால் அந்தப் பாக்கி ஏறிக்கொண்டிருந்த ஆண்டுகளில் ருமேனியாவைத் தவறாமல் பாடவிட்டதும் இதே ஒன்றியம்தான். 2010இல் மூன்றாம் இடம்கூடக் கிடைத்தது. அப்போதெல்லாம் குறுக்கே வராத கடன், பாடகர் பெட்டி கட்டும் நேரத்தில் வருவது அநியாயம்.

ருமேனியக் குடும்பங்கள் மின் கட்டணத்தோடு சேர்த்து மாதம் 4 லெய் தொலைக்காட்சிக் கட்டணம் கட்டிவந்தவை. அவர்களுக்கும் அந்த ஆண்டு போட்டியில் வாக்கு இல்லை. இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: 2024இல் நெதர்லாந்துப் பாடகர் யோஸ்ட் கிளைனை இறுதிப் போட்டி நாளில் நீக்கினார்கள். சரியோ தவறோ, புகார் அவர் மேல் இருந்தது; நெதர்லாந்து மக்கள் வாக்களிக்கவும் முடிந்தது. ஆன்டன் மேல் என்ன புகார்?

நாடுகள் பெயர் பதிவதெல்லாம் பல மாதங்கள் முன்னதாகவே முடிந்துவிடுகிறது. பாக்கிக் கணக்கை அப்போதே பார்த்து, தேர்வுப் போட்டி நடக்கும் முன்பே மறுத்துவிட வேண்டும். இதை விதியாகவே எழுதிவைக்க வேண்டும்.

2017லேயே ருமேனியா திரும்பி வந்து கீவ் நகரில் ஏழாம் இடம் பிடித்தது. பாடியது வேறு இருவர். அந்த ஆண்டு பாடும் வாய்ப்பை டிவிஆர் தேர்வே வைக்காமல் ஆன்டனுக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்பதே என் கட்சி.