தேவதைக் கதைகளும் கிறிஸ்தவ மாணவரும்

‘பிற சமயத்தார் வணங்கும் தேவதைகளின் கதை கிறிஸ்தவ மாணவனுக்கு எற்றுக்கு?’ என வினவுவார் நம்முள் உளர். இவ்வினா புதிதன்று. 1706ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயர், சிவன், திருமால் முதலாக ஐயனார், மாரியம்மன், அங்காளம்மன் ஈறாகத் தமிழர் போற்றும் தெய்வங்களின் மரபை ஆராய்ந்து, 1713இல் ஒரு நூலாக்கி ஜெர்மனிக்கு விடுத்தார். ஹாலே நகரத்துப் பெரியோர் அதனை அச்சிட உடன்பட்டிலர். 154 ஆண்டுகள் கழிந்து, 1867இல், நம் சென்னையிலேதான் அஃது அச்சேறிற்று. அறிதல் வேறு, வணங்குதல் வேறு என்பதை அப்பெரியோர் எண்ணிலர் போலும்!

பிற நாட்டுக் கிறிஸ்தவர் செய்ததை நோக்குவோம். பிரான் என்னும் பேருருவ அரசன் தன் உடலையே ஆற்றிற் பாலமாகக் கிடத்திப் படையைக் கடப்பித்தான் என்றும், இலண்டனிற் புதைத்த அவன் தலை நாட்டைக் காத்தது என்றும் வேல்ஸ் நாட்டுக் கதை கூறும். அதனை 14ஆம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதிக் காத்தவர் கிறிஸ்தவரே. ஆப்பிரிக்காவின் யொரூபா மக்கள் இடியின் தெய்வமாக வணங்கும் ஷாங்கோ, முன்னர் அரசனாய் வாழ்ந்தவன் என்பர். அவன் கதையைத் தம் இனத்தின் வரலாற்றோடு எழுதியவர் சாமுவேல் ஜான்சன் என்னும் குருவானவர். அந்நூல் 1921இல் வெளிவந்தது. இவர்கள் தம் விசுவாசத்தையும் இழந்திலர்; தம் முன்னோரின் நினைவையும் இழந்திலர்.

நம் வடசென்னையின் நிலை யாது? இராயபுரத்தில் இராயப்பர் தேவாலயமும் அங்காள பரமேசுவரி கோயிலும் ஓரூரில் விளங்குகின்றன. மதுரையை எரித்த கண்ணகியே சினம் ஆறாது வந்து திருவொற்றியூரில் வட்டப்பாறையம்மனாய் அமர்ந்தாள் என்பது ஊர்வழக்கு. கம்பர் இரவில் இராமகாதை எழுத, அவளே விளக்கேந்தி நின்றாள் என்றும் கூறுவர். கடல் கடந்து இலங்கையிற் பௌத்தரும் அவளைப் பத்தினித் தெய்வமாக வழிபடுகின்றனர். சிலப்பதிகாரத்தைப் பரீட்சைக்குக் கற்கும் நம்மில் எத்தனை பேர் இவற்றைக் கேட்டுள்ளோம்?

காலம் தாழ்த்தலாகாது. துறைமுகம் எழுந்தபின் அதற்கு வடக்கே கடலரிப்பு மிகுந்தது. திருவொற்றியூர் முதல் எண்ணூர் வரை கரை தேய்ந்துள்ளது. ஆலைகளும் கிடங்குகளும் குப்பங்களை நெருக்குகின்றன. ஒரு குப்பம் இடம்பெயருங்கால் அம்மனின் சிலையை உடன் எடுத்துச் செல்லலாம். அவள் கதையோ, அதனைச் சொல்லும் மூதாட்டியோடு மறைந்தொழியும்.

ஆதலின், இப்பகுதி மாணவர் ஒவ்வொருவரும், எச்சமயத்தாராயினும், வரும் விடுமுறையில் ஒரு தேவதையின் கதையையேனும் கேட்டெழுதி, சொன்னவர் ஊரையும் கேட்ட நாளையும் குறித்து, நம் கல்லூரி நூல்நிலையத்தில் வைப்பாராக. கேட்டதைக் கேட்டவாறே எழுதுக. இகழ்ந்தெழுதுதலும் பிழை, நம் கொள்கைக்கேற்பத் திருத்தியெழுதுதலும் பிழை. அயலான் எதனை அஞ்சுகிறான், எதனை நம்புகிறான் என்று அறியாதவன் அவனை நேசிப்பது எங்ஙனம்? அயலானை நேசி என்னும் கற்பனையை ஏற்ற நமக்கு இஃது அயலார் வேலையன்று, நம் வேலையே.