கல்லூரிகள் ஓங்கின, தமிழ் ஓங்கியதா?

தாம்பரத்திற்குச் சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் பெயர்ந்து வந்தது. வண்டலூரில் கிரசண்டு பொறியியற் கல்லூரி 1984இல் எழுந்தது. இன்று கேளம்பாக்கம் சாலையிலும் உயர்கல்விக் கூடங்கள் ஓங்கி நிற்கின்றன. அவற்றின் வகுப்பறைகளில் தமிழ் பயிற்றுமொழியாய் ஓங்கியதா?

‘அறிவியல் தமிழில் இயலாது’ என்பார் உளர். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 1864இலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தாரே! அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கிற்றே!

‘வேலை கிட்டாது’ என்பதே பெற்றோர் அச்சம். தமிழ்வழி பயின்றார்க்கு 20 விழுக்காடு முன்னுரிமை தரும் 2010ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டரசுப் பணிகளோடு நின்றுவிட்டது. தனியார் பணிகட்கும் அதனை நீட்டுக!

பெற்றோரே, சேர்க்கைக்குச் செல்லுங்கால், ‘தமிழ்வழி உண்டா?’ என்று முதலிற் கேளுங்கள். கேட்பாரின்றிக் கதவு திறவாது.